பொருட்காட்சிக்குள் துப்பாக்கி வரலாமா?

அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், 2023 அக்டோபர் 14 சனிக்கிழமை இரவு, டெக்சாஸ் மாநிலப் பொருட்காட்சியின் உணவுக்கூடத்தில் துப்பாக்கி வெடித்தது. மூன்று பேருக்குக் காயம். நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. கூட்டம் அலறிக்கொண்டு ஓடியது. மைதானத்தையே காலி செய்தார்கள். 22 வயது இளைஞர் ஒருவர் சற்று நேரத்தில் பிடிபட்டார்.

உரிமம் வைத்திருப்பவர்கள் கைத்துப்பாக்கியை வெளியே தெரியாமல் வைத்துக்கொண்டு உள்ளே வரலாம் என்பதுதான் அதுவரை அங்கிருந்த விதி. 2024 ஆகஸ்டில் பொருட்காட்சி நிர்வாகம் அதை ரத்து செய்தது. பணியில் இருக்கும் காவலர்களையும் ஓய்வுபெற்ற காவலர்களையும் தவிர வேறு யாரும் துப்பாக்கியோடு வரக்கூடாது என்று அறிவித்தது. உடனே எதிர்ப்பு கிளம்பியது. குடியரசுக் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்கள் எழுபது பேருக்கு மேல் கையெழுத்திட்டு, தடையைத் திரும்பப் பெறச் சொல்லிக் கடிதம் அனுப்பினார்கள். மாநில அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன் அந்த மாதம் முடிவதற்குள் டல்லாஸ் மாநகராட்சி மீதும் பொருட்காட்சி நிர்வாகம் மீதும் வழக்குத் தொடர்ந்தார்.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. இப்படித் தடை போட நிர்வாகத்துக்குச் சட்டப்படி உரிமை உண்டா என்பது ஒன்று. சட்டம் எப்படி இருந்தாலும், லட்சக்கணக்கானோர் கூடும் இடத்துக்குள் மக்கள் துப்பாக்கியோடு வருவது சரியா என்பது மற்றொன்று. சரியில்லை என்பதே என் நிலைப்பாடு. ஆனால் தடை போடுகிறவர்களுக்கு ஒரு கனமான பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. அதைப் பேசாமல் தடையை மட்டும் ஆதரிப்பது நேர்மையாகாது.

எப்படிப்பட்ட இடம் இது?

சென்னைவாசிகளுக்குத் தீவுத்திடல் பொருட்காட்சி எப்படியோ, டெக்சாஸ்காரர்களுக்கு இது அப்படி. அளவுதான் பல மடங்கு பெரியது. 1886இல் தொடங்கியது. செப்டம்பர் கடைசியில் ஆரம்பித்து 24 நாட்கள் நடக்கும். 20 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்துபோகிறார்கள். மைதானம் 277 ஏக்கர். 55 அடி உயர ‘பிக் டெக்ஸ்’ பொம்மை கையசைத்து வரவேற்கும். 212 அடி உயர ராட்டினம், கால்நடைப் போட்டிகள், எண்ணெயில் பொரித்த விதவிதமான தின்பண்டங்கள் எல்லாம் உண்டு. அதே வளாகத்தில் உள்ள காட்டன் பௌல் அரங்கில் டெக்சாஸ், ஓக்லஹோமா பல்கலைக்கழகங்கள் மோதும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டமும் நடக்கும். டல்லாஸுக்கு வடக்கே பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம் குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது வீட்டுக்குப் பக்கத்துத் திருவிழாதான்.

இங்கே யாரும் தனியாக நிற்பதில்லை. வரிசையில் முன்னால் நிற்பவரின் முதுகு நம் நெஞ்சில் இடிக்கும். தோளில் குழந்தை, கையில் தின்பண்டத் தட்டு, பின்னாலிருந்து தள்ளுமுள்ளு. துப்பாக்கி பற்றிய எந்த வாதத்தையும் இந்த நெரிசலுக்குள் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

ஒரே மைதானம், இரண்டு சட்டம்

டெக்சாஸ் என்றாலே ஆதிகாலம் தொட்டு எல்லோரும் இடுப்பில் துப்பாக்கியோடு திரிந்த ஊர் என்று சினிமா பார்த்து நினைத்திருப்போம். உண்மை வேறு. பொது இடத்தில் கைத்துப்பாக்கி வைத்திருப்பதை அந்த மாநிலம் 1871இலேயே கடுமையாகக் கட்டுப்படுத்திவிட்டது. அந்தக் கட்டுப்பாடு ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்து 1995இல்தான் தளர்ந்தது. உரிமம் பெற்றவர்கள் மறைத்து வைத்துக்கொள்ளலாம் என்ற சட்டத்தில் அன்றைய ஆளுநர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்டார். உரிமம் உள்ளவர்கள் வெளியே தெரியும்படியும் வைத்துக்கொள்ளலாம் என்ற விதி 2016இல் அமலுக்கு வந்தது. 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிறைந்து, சட்டத்தில் வேறு தடை இல்லாதவர்களுக்கு உரிமமே தேவையில்லை என்றாகிவிட்டது.

இவ்வளவு தாராளமான சட்டமும் சில இடங்களில் துப்பாக்கியைக் கறாராகத் தடுக்கிறது. பள்ளிக்கூடம், வாக்குச்சாவடி, நீதிமன்றம், குதிரைப் பந்தயத் திடல், கல்லூரி விளையாட்டுப் போட்டி நடக்கும் அரங்கம் ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே காட்டன் பௌலில் பல்கலைக்கழக ஆட்டம் நடக்கும்போது அரங்கத்துக்குள் துப்பாக்கி கூடாது என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. அரங்கத்தை விட்டு இறங்கி ராட்டினத்துக்கு வந்தால் அந்தச் சட்டம் வாய் திறப்பதில்லை.

பட்டியலில் பொழுதுபோக்குப் பூங்காவும் உண்டு. அதற்குச் சட்டம் தரும் வரையறையைப் படித்தால் வியப்பாக இருக்கும். 10 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் மாவட்டத்தில் இருக்க வேண்டும்; குறைந்தது 75 ஏக்கர் பரப்பு வேண்டும்; சுற்றி அடைப்பும் காவல் உள்ள வாசல்களும் வேண்டும்; எந்நேரமும் பாதுகாவலர்கள் வேண்டும்; நிரந்தரமான இடமாக, ராட்டினங்களோடு இருக்க வேண்டும்; ஆண்டுக்கு 120 நாட்களுக்கு மேல் திறந்திருக்க வேண்டும். பொருட்காட்சி மைதானம் ஏறக்குறைய எல்லாவற்றிலும் தேறிவிடும், கடைசி நிபந்தனை நீங்கலாக. பொருட்காட்சி 24 நாள்தான். நாள் குறைவு என்பதால் அங்கு வரும் குழந்தைக்கு ஆபத்தும் குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா? 24 நாட்களுக்குள் 20 லட்சம் பேர் என்றால் நெரிசல் கூடத்தானே செய்யும்?

வழக்கு எதில் சிக்கியது?

சட்டமே தடுக்காத இடத்தில் நிலத்தின் சொந்தக்காரர் தடுக்கலாம். தனியார் இடமென்றால் வாசலில் அறிவிப்புப் பலகை வைத்தால் போதும். பலகை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சட்டம் விட்டுவைக்கவில்லை: ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டிலும் இருக்க வேண்டும், எழுத்து ஒரு அங்குலமாவது உயரமாக இருக்க வேண்டும், பின்னணிக்கு மாறான நிறத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும். உரிமம் உள்ள ஒருவர் பலகையைப் பார்த்தும் உள்ளே நுழைந்தால் 200 டாலர் வரை அபராதம். வெளியே போங்கள் என்று நேரில் சொல்லியும் போகாவிட்டால் குற்றம் பெரிதாகிவிடும்.

ஆனால் அரசு அமைப்புகள் அப்படிப் பலகை வைக்க முடியாது. தனக்குச் சொந்தமான இடத்திலிருந்து உரிமம் உள்ளவரைத் தவறாகத் தடுக்கும் நகராட்சிக்கு முதல் முறை நாளொன்றுக்கு 1,000 டாலரிலிருந்து 1,500 டாலர் வரை அபராதம். பொருட்காட்சி நடக்கும் ஃபேர் பார்க் நிலம் டல்லாஸ் மாநகராட்சியுடையது. பொருட்காட்சியை நடத்துவதோ லாப நோக்கமில்லாத ஒரு தனியார் அமைப்பு. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறது. பலகையை வைத்தது யார்? நாங்கள் என்றது அமைப்பு. எங்களுக்கு அதில் பங்கில்லை என்றது மாநகராட்சி. நிலம் ஊருடையது, அதனால் தடை செல்லாது என்றார் அட்டர்னி ஜெனரல். இதே பாக்ஸ்டன் அலுவலகம்தான், நகர நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த லாப நோக்கமற்ற தனியார் அமைப்பு தானாக எடுக்கும் முடிவுக்கு நகராட்சி பொறுப்பாகாது என்று 2016இல் சட்டக் கருத்து வழங்கியிருந்தது. 2024இல் சர்ச்சை வெடித்ததும் அந்தக் கருத்து விலக்கிக்கொள்ளப்பட்டது.

2024 செப்டம்பர் 19 அன்று மாவட்ட நீதிபதி எமிலி டோபலோவ்ஸ்கி இடைக்காலத் தடை தர மறுத்தார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் மறுத்தது. பொருட்காட்சி தொடங்குவதற்கு முந்தைய நாளான செப்டம்பர் 26 அன்று மாநில உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. மறுநாள் துப்பாக்கித் தடையோடு வாசல் திறந்தது. ஆனாலும் நீதிமன்றங்கள் அப்போது மறுத்தது அவசர நிவாரணத்தை மட்டும்தான். ஊர் நிலத்தில் தனியார் நடத்தும் விழாவில் கடைசி முடிவு யாருடையது என்பது அந்தக் கட்டத்தில் தீராமலே நின்றது.

வேறு மாநிலங்களிலும் இதே முடிச்சுதான். ஜார்ஜியாவில் குத்தகைப் பத்திரம் எந்த வகை என்பதைப் பொறுத்துத் தடை செல்லும் அல்லது செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னது. அது அட்லாண்டா தாவரவியல் பூங்கா வழக்கு. 2022இல் அதே நகரின் பீட்மான்ட் பூங்காவில் நடக்கவிருந்த ‘மியூசிக் மிட்டவுன்’ இசைவிழா கைவிடப்பட்டபோது, பூங்காவில் துப்பாக்கியைத் தடுக்க முடியாத சட்டநிலைதான் காரணம் என்று செய்தித்தாள்கள் எழுதின. வட கரோலினாவில் 2014ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்கு முன்பு துப்பாக்கி உரிமைக் குழு ஒன்று நீதிமன்றம் போனது. நீதிபதி தடையை நிலைநிறுத்தினார். அதே வட கரோலினா பொருட்காட்சி மைதானத்தில் அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் ஒரு துப்பாக்கிக் கண்காட்சி நடந்தது. வாசலில் சோதனைக்காக ஒருவர் உறையின் ஜிப்பைத் திறந்தபோது அவருடைய துப்பாக்கி தானாக வெடித்து மூன்று பேர் காயமடைந்தார்கள். அவர் யாரையும் சுட நினைக்கவில்லை. நெரிசலில் நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

சந்தைக்கு ஆயுதம் வேண்டாம் என்றவர்கள்

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் ‘ப்ரூயன்’ வழக்கில் ஒரு புதிய அளவுகோலை வைத்தது. பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது அரசமைப்புச் சட்ட உரிமை. அதைக் கட்டுப்படுத்தும் எந்தச் சட்டமும் அந்த நாட்டின் பழைய மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்றது. கூட்டம் அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக மன்ஹாட்டன் தீவு முழுவதையும் துப்பாக்கி கூடாத இடமாக அறிவிக்க முடியாது என்றும் தீர்ப்பை எழுதிய நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் குறிப்பிட்டார். 2024இல் ‘ரஹிமி’ வழக்கில், அச்சு அசலான பழைய சட்டம் இருக்க வேண்டியதில்லை, அடிப்படைக் கொள்கை ஒத்திருந்தால் போதும் என்று நீதிமன்றம் சற்று இறங்கிவந்தது.

சரி, மரபையே கேட்போம். இங்கிலாந்தில் மூன்றாம் எட்வர்ட் அரசர் காலத்தில், 1328இல் நார்த்தாம்ப்டனில் இயற்றப்பட்ட சட்டம், சந்தைகளிலும் பொருட்காட்சிகளிலும் ஆயுதத்தோடு திரியக்கூடாது என்று இடத்தைப் பெயர் சொல்லியே விதித்தது. அந்தச் சட்டம் பிற்காலத்தில் எவ்வளவு தூரம் அமலானது என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். ப்ரூயன் தீர்ப்பும் அதற்குப் பெரிய மதிப்புத் தரவில்லை. அமெரிக்க மண்ணிலேயே சான்று வேண்டும் என்றால் டென்னசி மாநிலம் 1869இல் இயற்றிய சட்டம் இருக்கிறது. பொருட்காட்சி, குதிரைப் பந்தயத் திடல், மக்கள் கூடும் மற்ற பொது நிகழ்ச்சிகள் எதற்கும் யாரும் துப்பாக்கியோ கத்தியோ கொண்டுபோகக் கூடாது என்றது அது. மறைத்தும் கூடாது, வெளிப்படையாகவும் கூடாது. அடுத்த ஆண்டே டெக்சாஸ், தேவாலயம், பள்ளி, நடன அரங்கு, ஆணும் பெண்ணும் கூடும் விருந்துகள் என்று தன் பட்டியலைப் போட்டது. அந்தக் காலத் துப்பாக்கிக்காரர்கள் நம்மைவிடக் கோழைகள் இல்லை. கூட்டம் சேரும் இடத்தில் ஆயுதம் என்ன செய்யும் என்பதை நேரில் பார்த்தவர்கள் அவர்கள்.

மறுபக்கத்தின் வலி

துப்பாக்கி உரிமை கேட்பவர்களை வெறும் முரடர்கள் என்று ஒதுக்குவது எளிது. அவர்களில் பலருடைய வாதத்துக்குப் பின்னால் ரத்தம் இருக்கிறது. 1991 அக்டோபர் 16 அன்று டெக்சாஸின் கில்லீன் நகரில் லூபிஸ் என்ற உணவகத்துக்குள் ஒருவன் வண்டியை மோதி நுழைத்து, கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டான். 23 பேர் இறந்தார்கள். பெற்றோரோடு சாப்பிட வந்திருந்த சுசானா ஹப் கைப்பைக்குள் கையை விட்டார், துப்பாக்கி இல்லை. உடன் எடுத்துச் செல்வது சட்டவிரோதம் என்பதால் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அப்பாவும் அம்மாவும் அங்கேயே செத்தார்கள். அதன் பிறகு அவர் ஊர் ஊராகப் போய்ச் சாட்சியம் சொன்னார், சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். 1995 சட்டத்துக்கு வேகம் கொடுத்தவற்றில் அவருடைய குரல் முக்கியமானது. சட்டத்தை மதித்ததால் பெற்றோரை இழந்தேன் என்று சொல்லும் ஒரு பெண்ணிடம் புள்ளிவிவரம் பேசி யாரும் ஜெயித்துவிட முடியாது.

2019 டிசம்பரில் டெக்சாஸின் ஒயிட் செட்டில்மென்ட் ஊர்த் தேவாலயத்தில் இருவரைக் கொன்றவனை, அங்கே பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த உறுப்பினர் ஆறே விநாடிகளில் வீழ்த்தினார். 2022 ஜூலையில் இண்டியானாவின் கிரீன்வுட் வணிக வளாகத்தில் மூன்று பேரைக் கொன்றவனை 22 வயது இளைஞர் ஒருவர் சுட்டு நிறுத்தினார். அந்த வளாகத்திலும் துப்பாக்கிக்குத் தடை இருந்தது. இவை நடந்தவை. இவற்றை மறைத்துவிட்டுத் தடைக்கு வாதாட எனக்கு மனமில்லை.

ஆனால் இவை எவ்வளவு அபூர்வம் என்பதையும் பார்க்க வேண்டும். 2000 முதல் 2013 வரை நடந்த 160 பொது இடத் துப்பாக்கிச் சூடுகளை எஃப்.பி.ஐ. ஆராய்ந்தது. காவல்துறையைச் சேராத ஆயுதம் தாங்கியவர் எதிர்த்துச் சுட்டதால் முடிந்தவை ஐந்து. அந்த ஐந்திலும் நான்கில் சுட்டவர்கள் பாதுகாவலர்கள். ஒன்றில் மட்டும்தான் உரிமம் வைத்திருந்த சாதாரணக் குடிமகன். கையில் எந்த ஆயுதமும் இல்லாதவர்கள் பாய்ந்து மடக்கியவை 21.

இனி கூட்டத்துக்குள் சுடுவதை எடுத்துக்கொள்வோம். 2012 ஆகஸ்டில் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் அருகே, முன்னாள் சக ஊழியரைக் கொன்றுவிட்டுத் துப்பாக்கியோடு நடந்துகொண்டிருந்தவனைப் போலீசார் இருவர் எதிர்கொண்டார்கள். 16 குண்டுகள் சுட்டார்கள். அவன் செத்தான். சாலையில் போன ஒன்பது பேர் காயமடைந்தார்கள். ஒன்பது பேருக்கும் பட்டது போலீஸ் தோட்டாவோ அதன் சிதறலோதான். துப்பாக்கிச் சண்டையின்போது நியூயார்க் போலீசார் சுட்டதில் 18 சதவீதம்தான் குறியில் பட்டது என்று ராண்ட் நிறுவன ஆய்வு கணக்கிட்டிருந்தது. பயிற்சியும் சீருடையும் உள்ளவர்களின் நிலை இது. ராட்டின வரிசையில் நிற்கும் ஒருவர், நல்ல மனத்தோடு துப்பாக்கியை உருவினால், குறி தவறும் தோட்டா எங்கே போய் இறங்கும்?

யார் நல்லவர் என்று காவலருக்கு எப்படித் தெரியும் என்பது இன்னொரு சிக்கல். இதை டல்லாஸ் தன் தெருவிலேயே அனுபவித்தது. 2016 ஜூலை 7 அன்று பேரணி ஒன்றின்போது பதுங்கிச் சுட்டவன் ஐந்து காவலர்களைக் கொன்றான். பேரணியில் நீளத் துப்பாக்கிகளைச் சட்டப்படி தோளில் மாட்டிக்கொண்டு சிலர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய படத்தைச் சந்தேக நபர் என்று காவல்துறை வெளியிட்டது. அவர் ஒரு தவறும் செய்யாதவர். தானாக முன்வந்து துப்பாக்கியை ஒப்படைத்தார். 2021 ஜூனில் கொலராடோவின் அர்வாடாவில் நடந்தது இன்னும் கொடுமை. காவலரைக் கொன்றவனைச் சுட்டு வீழ்த்திய துணிச்சல்காரரையே, கொலையாளி என நினைத்து அங்கு வந்த காவலர் சுட்டுக் கொன்றார்.

டெக்சாஸின் ஜோஷ் அபட் இசைக்குழு 2017 அக்டோபர் 1 அன்று நடந்த லாஸ் வேகஸ் இசைவிழாவில் பாட வந்திருந்தது. ஹோட்டலின் 32ஆவது மாடியிலிருந்து ஒருவன் சுட்டதில் 60 பேர் உயிரிழந்தார்கள். குழுவின் கிதார் கலைஞர் காலெப் கீட்டர் அதுவரை துப்பாக்கி உரிமையின் ஆதரவாளர். குழுவினரிடம் உரிமமும் பேருந்தில் துப்பாக்கிகளும் இருந்தும், எடுத்தால் போலீசார் தங்களையே சுட்டுவிடுவார்கள் என்று அஞ்சித் தொடவில்லை என மறுநாள் எழுதினார். அதோடு, தன் கருத்து முழுவதும் தவறு என்றும் எழுதினார்.

வாசலில் இருக்கிறது பொறுப்பு

பலகை மட்டும் வைத்துவிட்டுச் சோதனை செய்யாமல் விடுவதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. அப்படிச் செய்தால் பலகையை மதிப்பவர் வெறுங்கையோடு நிற்பார். மதிக்காதவன் சிரித்துக்கொண்டே உள்ளே போவான். சுசானா ஹப்பின் கேள்விக்கு அங்கே பதிலே இருக்காது. 2019 ஜூலையில் கலிபோர்னியாவின் கில்ராய் பூண்டுத் திருவிழாவில் வாசல்களில் பையைச் சோதித்துத்தான் விட்டார்கள். கொலையாளி பின்பக்க வேலியை வெட்டிக்கொண்டு வந்தான். காவலர்கள் ஒரு நிமிடத்துக்குள் அவனை எதிர்கொண்டும் ஆறு வயதுச் சிறுவன் உட்பட மூன்று பேர் உயிரிழந்தார்கள். வாசலைக் காத்தால் போதாது, வேலியையும் காக்க வேண்டும்.

2018 மே மாதம் இதே டல்லாஸில் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் மாநாடு நடந்தது. அதிபர் டிரம்ப்பும் துணை அதிபர் பென்ஸும் பேசிய அரங்கத்துக்குள் யாரும் துப்பாக்கி கொண்டுவர அனுமதி இல்லை. ரகசிய சேவைப் பிரிவின் உத்தரவு அது. வந்தவர்கள் அனைவரும் துப்பாக்கி உரிமைக்காகவே கூடியவர்கள். அவர்களும் அதை ஏற்றுக்கொண்டு சோதனையைத் தாண்டித்தான் உள்ளே போனார்கள். நாட்டின் தலைவருக்கு நியாயமான அந்த ஏற்பாடு, கரும்புச்சாறு வாங்க வரிசையில் நிற்கும் ஒரு குழந்தைக்கும் நியாயம்தான்.

தடைக்கு உட்படுகிறவருடைய சிரமத்தையும் நிர்வாகம் தன் தலையில் ஏற்றுக்கொள்ள வேண்டும். காரில் வருபவர் துப்பாக்கியை வண்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு வரலாம். டல்லாஸின் டார்ட் ரயிலின் பச்சைத் தடத்தில் ஃபேர் பார்க் நிலையத்தில் இறங்கி நடந்து வருபவருக்கு அந்த வழியில்லை. இரவில் தனியாகத் திரும்பும் ஒரு பெண் தற்காப்புக்காக வைத்திருக்கும் கைத்துப்பாக்கியை ரசீது கொடுத்து வாங்கிவைக்கும் பெட்டகம் வாசலருகே இருக்க வேண்டும். போகும்போது கையில் திரும்பக் கிடைக்க வேண்டும். வாகன நிறுத்தத்திலிருந்து வாசல் வரையிலான இருட்டுப் பாதைக்கும் காவல் வேண்டும். இதற்கெல்லாம் காசு ஆகும். 20 லட்சம் பேருக்குச் சீட்டு விற்கும் அமைப்புக்கு அது தாங்க முடியாத செலவாக இருக்காது.

மற்றது டெக்சாஸ் சட்டமன்றத்தின் கையில் இருக்கிறது. நிலம் யாருடையது, குத்தகைப் பத்திரம் என்ன சொல்கிறது என்று ஒவ்வொரு செப்டம்பரிலும் நீதிமன்ற வாசலில் நிற்கத் தேவையில்லை. பொழுதுபோக்குப் பூங்காவுக்கான வரையறையில் 120 நாட்கள் என்ற நிபந்தனைக்குப் பக்கத்தில், வேலியும் சோதனை வாசலும் ஆயுதக் காவலும் உள்ள பொருட்காட்சிகளுக்கு நாள் கணக்கு பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.